தாளில் பக்கம் பக்கமாக, டேபிளில் ஒன்றன் கீழ் ஒன்றாக!

டேட்டாபேஸில் விவரங்களை எல்லாம் ஏற்றி முடித்து, ஆசையாக முதல் ரிப்போர்ட்டை அச்சிட்டுப் பார்த்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். தாளின் இடது ஓரத்தில் பெயர், முகவரி, தொகை என்று ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிக் கொண்டே போகும். வலது பக்கம் மூன்றில் இரண்டு பங்கு வெறும் வெள்ளைத் தாள். இந்த இடத்தில் அடுத்தவரின் விவரத்தையும், அதற்கும் பக்கத்தில் மூன்றாமவரின் விவரத்தையும் போட முடியாதா என்று யாருக்கும் தோன்றும். தாராளமாகப் போடலாம். ஆனால் எந்த இடத்தில் போய்ப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் ஆயுள் காப்பீட்டு முகவரை எடுத்துக் கொள்வோம். அவரிடம் 240 பாலிசிதாரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தவணை நினைவூட்டும் சீட்டு ஒன்று அனுப்ப வேண்டும். பெயர், முகவரி இரண்டு வரி, ஊரும் பின்கோடும், பாலிசி எண், தவணைத் தேதியும் தொகையும் என்று சீட்டுக்கு ஆறு வரிகள். ஒரு வரிசைக்கு ஒரு சீட்டு என்று அச்சிட்டால் ஏ4 தாளில் எட்டு சீட்டுகள்தான் அடங்கும். 240 பேருக்கு 30 தாள்கள். வரிசைக்கு மூன்று என்று அச்சிட்டால் ஒரு தாளில் 24 சீட்டுகள், மொத்தம் பத்தே தாள்கள்.

இருபது தாள் மிச்சம் என்பது பெரிய காசு இல்லை. ஆனால் சீட்டில் இருக்கும் தேதி தவறிப் போனால் விஷயம் வேறு. காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கு 30 நாளும், மாதத் தவணைக்கு 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் பணம் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகி விடும். முருகேசனின் சீட்டில் மும்தாஜின் தேதி அச்சாகியிருந்தால், முருகேசன் அந்தத் தேதியை நம்பிச் சும்மா இருந்து விடுவார்.

அப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். சர்வ சாதாரணமாக நடக்கும். எப்படி என்று பாருங்கள்.

எக்செலில் நாம் செய்யும் வேலை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரச்சினைக்குக் கண்டுபிடிக்கும் முதல் வழி கட்-பேஸ்ட்தான். 240 வரிகள் கொண்ட எக்செல் ஷீட்டில் 81 முதல் 160 வரையுள்ள வரிகளை வெட்டி, முதல் 80 பேருக்கு வலப்புறம் ஒட்டுவார்கள். 161 முதல் 240 வரை இருப்பதை அதற்கும் வலப்புறம் ஒட்டுவார்கள். பார்க்க அழகாக மூன்று பத்திகளாக வந்து விடும். அச்சிட்டும் விடலாம்.

அடுத்த மாதம் இரண்டு பேர் புதிதாகச் சேருவார்கள். முதல் பத்தியில் அகர வரிசைப்படி ஒருவரை நடுவில் சேர்க்க ஒரு வரியை இன்செர்ட் செய்வீர்கள். அந்த வரி மூன்று பத்திகளையும் கிழித்துக் கொண்டு போகும். அதைச் சரி செய்ய நடுப் பத்தியில் சில செல்களை மட்டும் மேலே தள்ளுவீர்கள். பெயர் இருக்கும் செல்லைத் தேர்ந்தெடுத்து, தேதி இருக்கும் செல்லை விட்டு விட்டால் போதும். அன்றிலிருந்து அந்தப் பத்தியில் அதற்குக் கீழே ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே வேறொருவரின் தேதி! திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எக்செலைப் பொறுத்தவரை எல்லாமே வெறும் செல்கள்தான். எது யாருடைய தேதி என்று அதற்குத் தெரியாது.

டேட்டாபேஸுக்கு அது தெரியும். ஒருவரின் எல்லா விவரங்களும் சேர்ந்து ஒரு ரெக்கார்ட். டேபிளில் அது எப்போதும் ஒரே வரியாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைப்பது தாளின் வேலையே தவிர, டேபிளின் வேலை இல்லை. எஞ்சினீயரிங் படிப்பில் டேபிள்களை எப்படிப் பிரிப்பது, எப்படிச் சேர்ப்பது என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் நடத்துவார்கள். அது கடைசியில் தாளில் எப்படி இறங்கப் போகிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கடைக்காரருக்கும் முகவருக்கும் வேண்டியதோ அந்தத் தாள்தான்.

பழைய பிரிண்டர்களின் காலத்தில்

1980களிலும் 90களிலும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் எல்லா அலுவலகங்களிலும் கறகறவென்று ஓடிக் கொண்டிருந்தது. அது வரி வரியாக அச்சிடும். ஒரு வரி முடிந்ததும் தாள் மேலே நகர்ந்து விடும், திரும்பி வராது. முதலாமவரின் ஆறு வரிகளையும் அச்சிட்டு விட்டு, மறுபடி மேலே போய் இரண்டாமவரை ஆரம்பிக்க வழி கிடையாது. எனவே புரோகிராம் எழுதுபவர்கள் மூன்று ரெக்கார்டுகளை முதலில் மெமரியில் எடுத்து வைத்துக் கொள்வார்கள். மூன்று பெயர்களையும் ஒரே வரியில் அச்சிடுவார்கள், அடுத்த வரியில் மூன்று கதவு எண்கள், அதற்கடுத்து மூன்று தெருக்கள் என்று போகும். இதற்கு ‘த்ரீ-அப்’ லேபிள் என்று பெயர். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் டிபேஸிலும் ஃபாக்ஸ்புரோவிலும் ‘லேபிள் ஃபார்ம்’ என்று ஒரு கட்டளையே தனியாக வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு முழுப் பக்கமும் மெமரியில் உருவான பிறகே லேசர் பிரிண்டர் அச்சிடுகிறது. அதனால் பத்திகளைப் பிரிக்கும் வேலையை ரிப்போர்ட் மென்பொருளிடமே விட்டு விடலாம்.

அக்செஸில் செய்வது எப்படி?

மைக்ரோசாஃப்ட் அக்செஸ் எல்லா ஆஃபீஸ் தொகுப்பிலும் வருவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று ஸ்டார்ட் மெனுவில் பார்த்துக் கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கு வேறு வழி பின்னால் வருகிறது.

முதலில் பேப்பரும் ஸ்கேலும் எடுத்துக் கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மவுஸைத் தொடும் முன் இதைச் செய்வது நல்லது. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. இரண்டு பக்கமும் 10 மி.மீ. மார்ஜின் விட்டால் மிச்சம் 190. மூன்று சீட்டுகளுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள், ஒவ்வொன்றும் 5 மி.மீ. என்றால் பாக்கி 180. அதை மூன்றால் வகுத்தால் ஒரு சீட்டுக்கு 60 மி.மீ. அதாவது 6 செ.மீ. தாளின் உயரம் 297 மி.மீ. மேலும் கீழும் 10 விட்டால் 277. ஒரு சீட்டு 34 மி.மீ. உயரம் என்றால் எட்டு வரிசைகள் அடங்கி 5 மி.மீ. மிஞ்சும்.

இப்போது அக்செஸில் ரிப்போர்ட்டை டிசைன் வியூவில் திறந்து, டீடெய்ல் பகுதியின் உயரத்தை 3.4 செ.மீ. என்று வையுங்கள். ஆறு வரிகளுக்கான டெக்ஸ்ட் பாக்ஸ்களையும் இடது ஓரத்திலிருந்து 6 செ.மீ. அகலத்துக்குள் அடக்கி விடுங்கள். பின்னர் ‘பேஜ் செட்டப்’ டேபில் ‘காலம்ஸ்’ என்ற பட்டனை அழுத்துங்கள். 2003 பதிப்பு வரை இது ஃபைல் மெனுவில் பேஜ் செட்டப்புக்குள் இருந்தது. திறக்கும் விண்டோவில் ‘நம்பர் ஆஃப் காலம்ஸ்’ என்ற இடத்தில் 3 என்றும், ‘காலம் ஸ்பேசிங்’ என்ற இடத்தில் 0.5 செ.மீ. என்றும், ‘ரோ ஸ்பேசிங்’ என்ற இடத்தில் 0 என்றும் கொடுங்கள். ‘சேம் அஸ் டீடெய்ல்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்து விட்டு அகலம் 6, உயரம் 3.4 என்று நீங்களே தாருங்கள்.

அந்த டிக்கை ஏன் எடுக்க வேண்டும்? பக்கத்தின் மேலே தலைப்பு, தேதி எல்லாம் போட ரிப்போர்ட்டின் மொத்த அகலத்தை 19 செ.மீ.க்கு இழுத்து வைத்திருப்பீர்கள். டிக் இருந்தால் அக்செஸ் ஒரு சீட்டின் அகலமே 19 செ.மீ. என்று எடுத்துக் கொண்டு, மூன்று பத்திக்கு இடம் போதாது என்று முறைக்கும். ரிப்போர்ட் ஹெடர், பேஜ் ஹெடர் ஆகியவையும் அவற்றின் ஃபுட்டர்களும் தாளின் முழு அகலத்துக்கும் பரவும். டீடெய்ல் பகுதியும் குரூப் ஹெடரும் ஒரு பத்தியின் அகலத்துக்குள் நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொண்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

இன்னொன்று. இவ்வளவும் செய்து விட்டு ரிப்போர்ட் வியூவிலோ லேஅவுட் வியூவிலோ பார்த்தால் பழையபடி ஒரே பத்தியாகத்தான் தெரியும். பதற வேண்டாம். பத்திகள் பிரிண்ட் பிரிவ்யூவில் மட்டுமே தெரியும்.

சிலருக்கு முகவரியில் இரண்டாவது வரி இருக்காது. அந்த இடம் காலியாகப் பல்லிளிக்காமல் இருக்க, அந்த டெக்ஸ்ட் பாக்ஸின் ‘கேன் ஷ்ரிங்க்’ என்ற பிராப்பர்ட்டியை ‘எஸ்’ என்று மாற்றுங்கள். கீழ் வரிகள் மேலே ஏறிக் கொள்ளும். ஆனால் டீடெய்ல் பகுதிக்கு உள்ள ‘கேன் ஷ்ரிங்க்’, ‘கேன் குரோ’ இரண்டையும் ‘நோ’ என்றே விடுங்கள். சீட்டின் உயரம் ஆளுக்கு ஆள் மாறினால் வெட்டும்போது கத்தரிக்கோல் எழுத்தின் மேல் ஓடும்.

இதே வசதியை ‘கிரியேட்’ டேபில் உள்ள ‘லேபிள்ஸ்’ என்ற விசார்டும் தருகிறது. டேபிளைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் அளவு, ஃபான்ட், எந்த ஃபீல்டு எந்த வரியில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து விடும். வெறும் முகவரி ஒட்டுச் சீட்டுக்கு அதுவே போதும். தலைப்பும் மொத்தத் தொகையும் வேண்டிய ரிப்போர்ட்டுக்கு மேலே சொன்ன வழிதான் சரி. கடையில் வைத்திருக்கும் பில்லிங் மென்பொருளில் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் இருந்தால், செக்ஷன் எக்ஸ்பர்ட்டில் டீடெய்ல்ஸைத் தேர்ந்தெடுத்து ‘ஃபார்மட் வித் மல்டிபிள் காலம்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். அளவுகள் தர லேஅவுட் என்று ஒரு டேப் புதிதாகத் தோன்றும்.

குறுக்கேயா, நெடுக்கேயா?

காலம்ஸ் விண்டோவின் அடியில் ‘அக்ராஸ், தென் டவுன்’, ‘டவுன், தென் அக்ராஸ்’ என்று இரண்டு வட்டங்கள் இருக்கும். முதலாவதில் 1, 2, 3 குறுக்கே போய், அடுத்த வரிசையில் 4 ஆரம்பிக்கும். இரண்டாவதில் 1 முதல் 8 வரை முதல் பத்தியில் இறங்கி, இரண்டாம் பத்தியின் உச்சியில் 9 வரும்.

படிப்பதற்கான பட்டியல் என்றால் டெலிபோன் டைரக்டரி மாதிரி நெடுக்காக இறங்குவதுதான் கண்ணுக்குச் சுலபம். மாத வாரியாகக் குரூப் செய்திருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். குரூப் ஹெடரின் ‘நியூ ரோ ஆர் கால்’ பிராப்பர்ட்டியை ‘பிஃபோர் செக்ஷன்’ என்று வைத்தால் ஒவ்வொரு மாதமும் புதிய பத்தியில் தொடங்கும். ஸ்டிக்கராக உரித்து ஒட்டுவதற்குக் குறுக்கு வரிசை வசதி.

நம் முகவரின் சீட்டுகள் வெட்ட வேண்டியவை. பின்கோடு வாரியாக அடுக்கித் தபாலில் சேர்க்க வேண்டும் என்றால் இந்த இரண்டு வரிசைகளுமே உதவாது. பத்துத் தாளையும் தனித்தனியாக வெட்டி 240 சீட்டுகளை வரிசை கலையாமல் அடுக்க ஒரு முழுச் சாயங்காலம் போய் விடும். பத்துத் தாளையும் ஒன்றாக வைத்து வெட்டினாலோ எல்லாம் கலைந்து விடும்.

அச்சகத்தார் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. வரிசையைத் தாளின் குறுக்கேயும் விடாமல், நெடுக்கேயும் விடாமல், தாள் கட்டின் ஆழத்தில் விடுவது. முதல் சீட்டு முதல் தாளின் இடது மேல் மூலையில். இரண்டாவது சீட்டு இரண்டாவது தாளின் அதே மூலையில். பத்தாவது சீட்டு பத்தாவது தாளில். பதினோராவது சீட்டு மறுபடி முதல் தாளில், இரண்டாவது இடத்தில். இப்படி அச்சிட்டு, பத்துத் தாளையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் 24 குட்டிக் கட்டுகள் கிடைக்கும். முதல் கட்டில் 1 முதல் 10, அடுத்ததில் 11 முதல் 20. கட்டுகளை ஒன்றன் அடியில் ஒன்றாக வைத்தால் 240 சீட்டுகளும் வரிசையாக நிற்கும்.

அக்செஸில் இதற்கென்று பட்டன் இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு போதும். பின்கோடு வாரியாக அடுக்கிய பின், ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 1 முதல் 240 வரை ஒரு வரிசை எண் வேண்டும். ஆட்டோநம்பரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நடுவில் யாரையாவது டெலீட் செய்திருந்தால் எண் விட்டுப் போயிருக்கும். டேபிளை எக்செலுக்கு எக்ஸ்போர்ட் செய்து, முழு வரிகளையும் சேர்த்தே சார்ட் செய்து, புதிய பத்தியில் எண்களை இழுத்து நிரப்பி, வேறு பெயரில் மறுபடி இம்போர்ட் செய்வது சுலபம். பிறகு குவெரியில் இரண்டு புதிய ஃபீல்டுகள் சேருங்கள்.

பக்கம்: வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்து 10ஆல் வகுத்தால் வரும் மீதி. இதற்கு அக்செஸில் ‘மாட்’ என்ற குறி. எம், ஓ, டி என்று டைப் செய்ய வேண்டும்.

இடம்: அதே எண்ணை 10ஆல் வகுத்தால் வரும் ஈவு. இதற்குச் சாதாரண வகுத்தல் கோட்டுக்குப் பதிலாக இடப்புறம் சாய்ந்த \ கோட்டைப் போட வேண்டும்.

இங்கே 10 என்பது மொத்தத் தாள்களின் எண்ணிக்கை. சோதித்துப் பாருங்கள். வரிசை எண் 25 என்றால், 24ஐ 10ஆல் வகுக்க மீதி 4, ஈவு 2. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஐந்தாவது தாளில் மூன்றாவது இடம். ரிப்போர்ட்டில் ‘குரூப் அண்ட் சார்ட்’ என்பதைத் திறந்து முதலில் பக்கம், அடுத்து இடம் என்று வரிசைப்படுத்துங்கள். குவெரியில் மட்டும் வரிசைப்படுத்தி விட்டு இருந்து விடாதீர்கள். ரிப்போர்ட் தன் சொந்த வரிசையைத்தான் கேட்கும். காலம்ஸ் விண்டோவில் ‘அக்ராஸ், தென் டவுன்’ இருக்கட்டும்.

ஆட்கள் 240 என்று கச்சிதமாக அமைவது அபூர்வம். 250 பேர் என்றால் 11 தாள்கள், 264 இடங்கள். மீதி 14 இடங்களுக்கு வரிசை எண் மட்டும் உள்ள வெற்று ரெக்கார்டுகளை 251 முதல் 264 வரை அந்த நகல் டேபிளில் சேர்த்து விடுங்கள். சேர்க்காவிட்டால் சில தாள்களில் 23 சீட்டுகள்தான் வரும், அடுத்த தாளின் சீட்டு இங்கே ஏறி, வரிசை முழுக்கச் சரிந்து விடும்.

அக்செஸ் இல்லாதவர்களுக்கு

வேர்டில் உள்ள மெயில் மெர்ஜ் போதும். விவரங்கள் எக்செல் ஷீட்டில் ஒருவருக்கு ஒரு வரி என்று இருக்கட்டும். வேர்டில் ‘மெயிலிங்ஸ்’ டேபில் ‘ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்’, ‘லேபிள்ஸ்’ என்று போய் அளவைத் தேர்ந்தெடுங்கள். ‘செலக்ட் ரெசிபியன்ட்ஸ்’ மூலம் அந்த எக்செல் ஃபைலைக் காட்டுங்கள். முதல் கட்டத்தில் மட்டும் பெயர், முகவரி, தேதி ஃபீல்டுகளை வைத்து விட்டு ‘அப்டேட் லேபிள்ஸ்’ என்பதை அழுத்துங்கள். மறந்து போனால் தாளுக்கு ஒரு சீட்டுதான் வரும்.

இரண்டாவது கட்டத்திலிருந்து ஒவ்வொன்றின் தலையிலும் ‘நெக்ஸ்ட் ரெக்கார்ட்’ என்று ஒரு குறி இருக்கும். அடுத்த ஆளை எடு என்று வேர்டுக்குத் தரும் உத்தரவு அது. இதை அழித்து விட்டால் ஒரே ஆளின் பெயர் பல கட்டங்களில் வரும். அது உடனே கண்ணில் பட்டு விடும். ஆபத்தானது வேறொன்று. அழகுபடுத்தும்போது இந்தக் குறி பெயருக்கு அடுத்த வரிக்கு நகர்ந்து போனால், பெயர் ஒருவருடையதாகவும் அதற்குக் கீழே உள்ள தேதியும் தொகையும் அடுத்தவருடையதாகவும் அச்சாகும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், பார்க்கச் சரியாகவே இருக்கும். எனவே குறி எப்போதும் கட்டத்தின் முதல் எழுத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். அக்செஸில் டீடெய்ல் பகுதி முழுதும் ஒரே ரெக்கார்டிலிருந்து வருவதால் இந்தப் பயம் இல்லை. அதனால்தான் பண விஷயங்களுக்கு நான் அக்செஸ் பக்கம்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸிலும் ‘ஃபைல்’, ‘நியூ’, ‘லேபிள்ஸ்’ என்று போனால் இதே வசதி உண்டு. ‘ஆப்ஷன்ஸ்’ டேபில் ‘சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்’ என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள்.

தமிழில் அச்சிடுபவர்கள்

ஆங்கிலத்துக்கு வைத்த டெக்ஸ்ட் பாக்ஸ் உயரம் தமிழுக்குப் போதாது. ‘கி’யின் கொம்பும் ‘கூ’வின் அடிச் சுழியும் வெட்டுப்படும். 10 பாயின்ட் எழுத்துக்கு வரிக்கு அரை செ.மீ. கொடுத்தால் ஆறு வரிக்கு 3 செ.மீ., நம் சீட்டில் அடங்கும். பழைய நாளில் பாமினி போன்ற ஃபான்ட்டுகளில் டைப் செய்த பட்டியல் வைத்திருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே டேட்டாபேஸில் ஏற்றுங்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அகர வரிசையும் வராது.

அச்சிடும் முன்

பேப்பர் சைஸ் ‘லெட்டர்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க அளவான அது 279.4 மி.மீ. உயரம்தான்; ஏ4ஐ விட 17.6 மி.மீ. குட்டை. நம் கணக்குப்படி அதில் ஏழு வரிசைதான் அடங்கும். தாளுக்கு 21 ஆகி, பத்துத் தாள் வேலை 12 தாளாகும். மாட் போட்டுச் செய்த வரிசையும் பாழ். பிடிஎஃப் ஆக மாற்றி அச்சிடுபவர்கள் ‘ஃபிட்’ என்பதை விட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் கொஞ்சம் சுருங்கி, ஸ்டிக்கர் கோட்டுக்கும் எழுத்துக்கும் கீழே போகப் போக வித்தியாசம் கூடும்.

ஸ்டிக்கர் தாளை அளக்கும்போது ஒரு ஸ்டிக்கரின் இடது ஓரத்திலிருந்து அடுத்த ஸ்டிக்கரின் இடது ஓரம் வரை அளந்து கொள்ளுங்கள். பத்தியின் அகலமும் இடைவெளியும் சேர்ந்து அந்த அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். பாதி உரித்த ஸ்டிக்கர் தாளை லேசர் பிரிண்டரில் விடாதீர்கள். உள்ளே சூட்டில் பசை ஒட்டிக் கொண்டால் ஸ்டிக்கர் விலையை விட ரிப்பேர் செலவு அதிகம்.

முதல் பக்கத்தை மட்டும் சாதாரண வெள்ளைத் தாளில் அச்சிட்டு, ஸ்டிக்கர் தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடைசி வரிசையின் வலது மூலைச் சீட்டு கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிறகு அங்கங்கே நாலு சீட்டுகளை எடுத்து, பெயரையும் தேதியையும் டேபிளோடு ஒப்பிட்டு விட்டு மீதித் தாள்களை பிரிண்டரில் வையுங்கள்.